ஐம்பத்திரண்டாம் எண் வண்டி

வாடைக் காற்று வீசத் தொடங்கி இரண்டு நாளாகியிருந்தது. காயலில் ஒரு படகும் போகவில்லை. ஆனாலும் நண்டுக் கொட்டகையில் வேலை இருந்தது. சனிக்கிழமை பிடித்து அவித்துப் பனிக்கட்டியில் போட்டது இன்னும் ஏழு கூடை கிடந்தது. தகரக் கூரை தடதடவென்று ஆட, நீள மேசைக்கு இரண்டு பக்கமும் பதினெட்டுப் பெண்கள் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு நின்றபடி நண்டு உடைத்தார்கள். ஓட்டைப் பிளந்து, செவுளை வழித்தெறிந்து, குட்டைக் கத்தியால் சதையைக் குத்தியெடுத்து டப்பாவில் தட்ட வேண்டும். ஒரு சில்லு ஓடு சதையில் கிடந்தாலும் மேற்பார்வைக்காரி டப்பாவை அப்படியே கவிழ்த்துவிடுவாள். பார்ரா செக்கா என்ற அந்த ஊரில் ஒருத்தியின் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம், நண்டுக்காரியா இல்லையா என்று. விரல் நுனியெல்லாம் கீறல், கீறலுக்குள் உப்பு.

அன்றைக்குப் பேச்செல்லாம் முகமூடிக்காரனைப் பற்றித்தான்.

"என் மவன் போன்ல காட்டுனான்," என்றாள் ரெமிஹியா. கொட்டகையின் வானொலி அவள்தான். "வெள்ளை முகமூடி, மீசை வரைஞ்சிருக்கு. கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி கழுத்துல டை வேற. 'எங்க ஆளைப் பிடிச்சு வச்சிருக்கிய. அஞ்சாந்தேதிக்குள்ள விடல, உங்களுக்குக் கைக்கூலி வேலை பாக்கற அத்தனை பேரையும் ஊரறியப் போட்டுருவோம்'னுட்டான். போலீஸ்காரன், பத்திரிகைக்காரன், டாக்ஸிக்காரன் எல்லாவனும் இருக்கானாம்."

"யாருகிட்டட்டி சொல்லுதான் அப்பிடி?"

"வேற யாருகிட்ட? அவனுவகிட்டத்தான்."

அந்த ஊரில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. மூன்று வருடமாக, துப்பாக்கிக் கூட்டத்தின் கருப்புக் கண்ணாடி வண்டிகள் ஊருக்குள் வந்த நாளிலிருந்து, 'அவனுவ' என்றால் எல்லோருக்கும் விளங்கும். அதற்குமேல் விளக்கமாகப் பேசியவர்களில் சிலர் இப்போது ஊரில் இல்லை.

எர்லிண்டா தலையைத் தூக்கவே இல்லை. கொடுக்கு ஒன்றை அவள் மூன்று தரம் குத்தியும் சதை வரவில்லை. 'டாக்ஸிக்காரன்' என்ற சொல்தான் காரணம். அவள் புருஷன் எவாரிஸ்தோ ஓட்டுவது டாக்ஸிதான். எட்டு மாதமாக அவனிடம் இரண்டாவது போன் ஒன்று இருந்தது. அவனுவளைத் தேடி வரும் கடற்படை லாரி பாலத்தைத் தாண்டினால் அந்தப் போனில் அவனுவளுக்குச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாத விதமாகக் கேட்டிருந்தார்கள். மகள் எந்தக் கடையில் வேலை பார்க்கிறாள், எத்தனை மணிக்குச் சாப்பிட வருகிறாள் என்று அவர்களே அவனுக்குச் சொன்னார்களாம். இது எர்லிண்டா ஒருத்திக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் நின்ற ஒத்திலியா பக்கென்று சிரித்தாள்.

"டாக்ஸிக்காரனா! எங்க வீட்டு மனுசன் உளவு பாத்துட்டாலும்! பகல் பூராவும் தூங்குதாவ, ராத்திரி வண்டியில தூங்குதாவ. மடியில கனமில்லன்னா வழியில பயமில்ல. என்ன மைனி?"

"ஆமா," என்றாள் எர்லிண்டா.

ஒத்திலியாவின் புருஷன் சானோ. எவாரிஸ்தோவும் அவனும் ஓட்டுவது ஒரே வண்டி. ஊரில் முக்கால்வாசி டாக்ஸி அப்படித்தான். உரிமம் ஒரு பல்வைத்தியருடையது. பகலில் ஒருவன் ஓட்டுவான், சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்ரோல் பங்கில் கழுவித் துடைத்து மற்றவன் கையில் சாவியைக் கொடுப்பான். கதவில் பெரிதாக ஐம்பத்திரண்டு என்று எழுதியிருக்கும். டாக்ஸிக்காரர்களை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான். 'ஏ அம்பத்திரண்டு' என்றால் பகலில் எவாரிஸ்தோ திரும்புவான், ராத்திரியில் சானோ திரும்புவான். சானோவின் சின்ன மகள் சுலேமாவுக்கு ஞானஸ்நானத்தில் தலையைத் தாங்கியவள் எர்லிண்டா. அந்த உறவில்தான் ஒத்திலியா அவளை மைனி, அதாவது மதினி, என்று கூப்பிடுவது.

மத்தியானம் எர்லிண்டா வீட்டுக்குப் போனபோது மகள் நெரெய்டா முன்னாலேயே வந்திருந்தாள். இருபத்துமூன்று வயது, செல்போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற கடையில் வேலை. நடுவீட்டில் இறந்தவர்களுக்கான படையல் மேடைக்குப் பனையோலை வளைவு கட்டியிருந்தது. அதில் செண்டுப்பூ செருகுகிறேன் என்று உட்கார்ந்திருந்தாளே தவிர, ஒரு பூகூட ஏறவில்லை.

"எம்மா, கதவைச் சாத்து."

"பகல்ல எதுக்குட்டி கதவு?"

"சாத்தும்மா."

சாத்தினாள். காற்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"லிசாந்த்ரோவை விடச் சொல்லி முகமூடி போட்டுப் பேசினாங்கல்ல? அது நாங்கதான்."

எர்லிண்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. லிசாந்த்ரோவைத் தெரியும். நெரெய்டா வேலை பார்க்கிற கடைக்கு எதிர் வீடு, சதா சிரித்த முகம். இந்த வீட்டில் எத்தனையோ தரம் அவரைச்சாறு ஊற்றிய சோள அடை தின்றிருக்கிறான். அவனுவளுக்கு எதிராகச் சுவரில் தாள் ஒட்டியபோது, பதினாறு நாளைக்கு முன்னால், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நாங்கன்னா யாரு?"

"பத்துப் பதினஞ்சு பேரு. யாரும் யாரு மூஞ்சியும் பாத்ததில்ல. வேற ஊரு, வேற நாட்டுக்காரங்களும் உண்டு. ஒரு போலீஸ் அதிகாரியோட ஈமெயில் பெட்டிய உடைச்சுட்டோம். யாரு யாரு அவனுவளுக்குத் தகவல் சொல்லுதான்னு அத்தனையும் அதுல இருக்கு. இந்த ஊர்க்காரி நான் ஒருத்திதான். அதனால உள்ளூர் எண்களையெல்லாம் ஆள் பேரோட ஒத்துப் பாக்கற வேலை எனக்கு."

"அடி பாவி," என்று எர்லிண்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேலியில போற ஓணானை மடியில விட்டுட்டியேட்டி!"

"ஓணான் எல்லார் மடியிலயும் ஏற்கெனவே ஏறி உக்காந்திருக்கும்மா. அதை விடு. பட்டியல்ல டாக்ஸி எண் மட்டும் இருக்கு, பேர் இல்ல. மத்தவங்க என்ன சொல்லுதாங்கன்னா, எண்ணைப் போட்டாப் போதும், ஒரு வண்டிக்கு ஒரு ஆளுதானேன்னு. டாக்ஸியப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?" அவள் குரல் இறங்கியது. "அம்பத்திரண்டும் இருக்கும்மா."

எர்லிண்டா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சானோ சித்தப்பாவாம்மா?"

பிள்ளையின் முகத்தில் அப்பன் பேர் வருவதற்கு இடமே இல்லை. அப்பாவா என்று அவள் கேட்கவே இல்லை. அதுதான் எர்லிண்டாவை விழவைத்தது. பட்டியலில் பேர் வந்தவனுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேற்கே எதிரிக் கூட்டம் ஒன்று காத்திருக்கிறது. இந்தக் கூட்டத்துக்குச் சேவகம் பண்ணியவன் யாரென்று தெரிந்தால் அது நீதிமன்றத்துக்குப் போகாது. போன மாதம் நெடுஞ்சாலைப் பாலத்தில் ஐந்து பேரைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒருவன் பழம் விற்கிறவன்.

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் செய்தாள். வாயைத் திறந்து சானோ என்று சொல்லவில்லை.

நெரெய்டா பெருமூச்சு விட்டாள். "நெனச்சேன். ராத்திரி வண்டின்னு குறிச்சிருதேன். நீ அப்பாகிட்ட மூச்சு விடாத, பயந்துருவாங்க."

மறுநாள் சாயங்காலம் எவாரிஸ்தோ சாவியைக் கொடுத்துவிட்டு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. முன்பு அவன் படகோட்டி. இருபது வருடம் மோட்டார்ச் சத்தத்தில் ஒரு காது போய், மற்றதும் அரைக்காது. அதனால் எப்போதுமே கத்தித்தான் பேசுவான். அன்றைக்கு மெதுவாகப் பேசினான். அதுவே எர்லிண்டாவுக்குப் பயமாக இருந்தது.

"கூப்பிட்டானுவ. இந்த ஊர்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் யாரு யாருன்னு கேட்டானுவ. நாளைக்குள்ள மூணு பேரு வேணுமாம்."

"நீங்க என்ன சொன்னிய?"

"பாத்துச் சொல்லுதேன்னேன். பிள்ள வேலை பாக்கற கடை முதலாளி இருக்கானே, பொண்டாட்டி பிள்ள இல்லாதவன். அவன் பேரை..."

"வாயை மூடுங்க," என்றாள் அவள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மகள் யார் என்று சொன்னாள், பட்டியலில் ஐம்பத்திரண்டு இருப்பதைச் சொன்னாள், தான் தலையாட்டியதையும் சொன்னாள். தட்டில் வைத்த அடை ஆறிக்கொண்டிருந்தது.

அவள் கடைசியாகச் சொன்னதைத்தான் எவாரிஸ்தோ முதலில் பிடித்துக்கொண்டான். "சானோன்னா நினைச்சுட்டா?" என்று கேட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "நல்ல காரியம் பண்ணுன நீ." அப்புறம் ஒரு துண்டு அடையைப் பிய்த்து வாயில் போட்டான்.

அவன் மெல்லுவதை அவள் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் அந்த மனுசன்மேல் அப்படி ஒரு அருவருப்பு அவளுக்கு வந்ததில்லை. தன்மேல் வந்தது அதைவிடப் பெரிது. இரண்டாவது வாய்க்கு அவனுக்கும் இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவன் வண்டியத் துடைச்சு வச்சிட்டுல்ல தருவான், கண்ணாடியெல்லாம் பளபளன்னு," என்று சொல்லி, ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மறுநாள் அந்த மூன்று பேருக்கும் பதிலாக, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாடத்தான் தெரியும் என்று போனில் சொல்லிப் பார்த்தான். சரி, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்களாம்.

இரண்டாந்தேதி கல்லறைத் திருநாள். வாடை ஓய்ந்து வெயில் அடித்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க செண்டுப்பூவும் சாம்பிராணியும் வாழையிலையில் பொதிந்து அவித்த சோள மாவின் ஆவியுமாக இருந்தது. ஊரே மண்வெட்டியும் வாளியுமாகப் புல் செதுக்கிக்கொண்டிருந்தது. லிசாந்த்ரோவின் அம்மா தன் மாமியார் கல்லறையில் பூப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் படையலில் மகன் படம் வைக்கவில்லை. வைத்தால் செத்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. யாரோ விவரம் கெட்டவள், "அவன் பங்குக்கு ஒரு ரொட்டியாவது வையேன்" என்று சொல்லப்போக, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

ஒத்திலியா அப்பன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். சுலேமா பூவிதழ்களைப் பிய்த்து, இறந்தவர்கள் வர வழி போட்டுக்கொண்டிருந்தது. ஞானத்தாயைக் கண்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. அதன் தலைமயிரில் சாம்பிராணி வாசம் அடித்தது. எர்லிண்டாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஒத்திலியா, இங்க வா. சானோவ கொஞ்ச நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாம்னு சொல்லு."

"எதுக்கு மைனி?"

"அந்தப் பட்டியல்ல அம்பத்திரண்டு இருக்காம். ராத்திரி வண்டின்னு போட்டிருக்காம்."

ஒத்திலியாவின் கையிலிருந்த மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவள் செருப்பில் சொட்டியது. "அய்யோ, அவரு அப்பிடி ஆளு இல்லையே மைனி! மாதா சத்தியமா இல்ல!"

"தெரியும்."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"கேக்காதட்டி. உன் கால்ல விழுதேன், கேக்காத. நாளைக்கே எங்கயாவது அனுப்பிரு."

ஒத்திலியா அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்தி, எர்லிண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெக்க எங்க அண்ணனோட ஆரஞ்சுத் தோட்டத்துக்கு அனுப்பிருதேன். உங்க ஒருத்திகிட்டத்தான் சொல்லுதேன்," என்றாள். நாலடி போனவள் திரும்பி வந்தாள். "உங்க வீட்டுக்காரரையும் பத்திரமா இருக்கச் சொல்லுங்க மைனி. ஒரே வண்டியில்லா? அவனுவளுக்கு என்ன தெரியும், எவன் பகலு, எவன் ராத்திரின்னு."

வியாழக்கிழமை சானோ ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் லிசாந்த்ரோ வந்துவிட்டான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் செருப்பில்லாமல் நடந்து வந்தவனைப் பால்காரன் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தான். பேச்சு இல்லை. அம்மா கையில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். சட்டையில் ஊக்கு குத்தி ஒரு தாள். ஒரு பேர் வெளியே வந்தால் ஒரு குடும்பம் போகும் என்று அதில் எழுதியிருந்தது. கொட்டகையில் செய்தி வந்ததும் பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். மேற்பார்வைக்காரியும் அழுதாள்.

நெரெய்டா மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அழிச்சுட்டோம்மா. பட்டியல் இல்ல. ஒரு பேரும் வெளிய வராது. ஆளு வந்துட்டான்ல, போதும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு அம்மா மடியில் படுத்துக் குலுங்கினாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எர்லிண்டா நினைத்தாள். மகளின் முதுகைத் தடவினாள். நான்கு நாளில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது. எழுந்து மிளகாய் சேர்த்து நண்டு ரசம் வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து மூக்கில் நீர் வழியச் சாப்பிட்டார்கள். ராத்திரி ஓட்ட ஆள் வராததால் சாவி எவாரிஸ்தோ கையிலேயே இருந்தது. வண்டி வாசலில் நின்றது.

சாப்பிட்ட கை காய்வதற்குள் இரண்டாவது போன் அடித்தது. எவாரிஸ்தோ அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். ஆனால் அரைக்காதுக்காரன், காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். துவைகல்லில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த எர்லிண்டாவுக்கு எல்லாம் கேட்டது.

"என்ன அம்பத்திரண்டு, சாப்பிட்டாச்சா?" சின்ன வயசுக் குரல், பதவிசான குரல்.

"ஆச்சு முதலாளி."

"உன் ராத்திரிப் பங்காளி எங்க?"

"தெரியலையே முதலாளி. நேத்து ராத்திரி வண்டி எடுக்க வரல."

"அதான் கேக்குதேன். பட்டியல்ல வாரவனெல்லாம் நம்ம ஆளு. அவன் நம்ம ஆளு இல்ல. பேர் வெளிய வருதோ இல்லையோ, அவனுக்கு என்ன பயம்? எதுக்கு ஓடுதான்? அப்ப முகமூடிப் பயலுவ கூட அவனுக்குச் சகவாசம் இருக்கு, அதானே?"

எர்லிண்டா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். காப்பாற்றுகிறேன் என்று அவள் அனுப்பியதே அவன் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. வீட்டில் இருந்திருந்தால் அவனை ஒருவரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

"உன் பொண்டாட்டியும் அவன் பொண்டாட்டியும் ஒரே மேசையில நண்டு உடைக்காவளாமே. கேட்டுச் சொல்லு, எங்க போனான்னு. இல்லன்னா அந்தப் பொம்பளையக் கூட்டிட்டுப் போய் நாங்களே கேட்டுக்கிடுதோம்."

எர்லிண்டா போய்ப் போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, நான்தான். அவன் வடக்க போயிருக்கான். எல்லை தாண்ட ஆள் பிடிச்சிருக்கானாம். அங்க ஏதோ பொம்பளை சகவாசம். அவன் பொண்டாட்டி வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்லல."

போனில் சிரிப்பு கேட்டது. "அப்பிடியாக்கா? சரி. எல்லையில நம்ம ஆளுங்க இருக்காவ, நாளைக்கே பாத்துருவோம். பொய்யா இருந்தா சாப்பிடவே வாரோம் உங்க வீட்டுக்கு."

போன் அணைந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கொல்லைக் கதவில் நெரெய்டா நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள். "அம்பத்திரண்டு நீங்களா?"

அப்பன் மகளைப் பார்க்கவில்லை. ஈரத்தரையைப் பார்த்தான். "உன்னைத்தான் சொன்னானுவ தாயி," என்றான். "உன் பேரைச் சொல்லித்தான் கேட்டானுவ. நான் என்ன செய்ய?"

"நீ தலையாட்டுனியேம்மா."

"ஆமா, ஆட்டினேன்," என்றாள் எர்லிண்டா. "என்னைப் பொறவு திட்டு. இப்ப ரெண்டு சட்டைய எடு. நாளைக்குள்ள இந்த ஊர்ல நாம இருக்கக்கூடாது. ஒத்திலியாவும் இருக்கக்கூடாது."

பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். மூட்டை ஒன்றுமில்லை, மூட்டையைக் கண்டால் கண் விழும். அந்தப் போனைச் சமையல் மேசையில் வைத்துவிட்டார்கள். சானோவைத் தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னதும் ஒத்திலியாவும் இரண்டு பிள்ளைகளும் திருநாள் உடுப்பில் ஏறிக்கொண்டார்கள், ஏதோ விருந்துக்குப் போகிறவர்கள் மாதிரி. பாலத்தின் தலைமாட்டில் இளநீர் வெட்டுகிறவன் நிமிர்ந்து பார்த்தான். அவனும் அவனுவளுக்குத் தகவல் சொல்கிறவன்தான், எவாரிஸ்தோவுக்குத் தெரியும். எவாரிஸ்தோ கையைத் தூக்கினான். அவன் கதவு எண்ணைப் பார்த்தான், தானும் கையைத் தூக்கினான். பாலத்தைத் தாண்டிய பிறகும் நெரெய்டா கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு லாரிக்கும் அவள் தோள் ஒடுங்கியது.

பின்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சுலேமா எர்லிண்டாவின் மடியில் தூங்கிப்போயிற்று. ஒத்திலியா அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னா எங்க வீட்டு மனுசன் இன்னேரம் செத்திருப்பாவ மைனி. எந்தப் படுபாவியோ அவரு பேரைச் சொல்லியிருக்கான். மாதா அவனைக் கேக்கட்டும். நீங்க தெய்வம் மாதிரி வந்தியே."

முன்னிருக்கையில் நெரெய்டா கண்ணாடியை விட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எவாரிஸ்தோவின் அரைக்காதில் அது விழுந்ததோ இல்லையோ, பிடரி சிவந்தது. எர்லிண்டா ஒன்றும் சொல்லாமல் இரண்டு ஊர் தாண்டினாள். சொல்லாமலே இருந்துவிடலாம். புருஷனும் மகளும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் ஒத்திலியா அந்தக் கையை விடவே இல்லை. நண்டு ஓடு கீறிய அந்த விரல்கள் தன் விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தன.

"ஒத்திலியா," என்றாள். "அந்தப் படுபாவி நான்தான்."

"என்ன மைனி சொல்லுதிய?"

"தகவல் சொன்னது உன் புருஷன் இல்ல. என் புருஷன். யாருன்னு என் மவ கேட்டா. நான்தான் சானோன்னு தலையை ஆட்டினேன்."

ஒத்திலியா அவளையே பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். குனிந்து, எர்லிண்டாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். வண்டியை நிறுத்தச் சொல்வாள் என்று எர்லிண்டா காத்திருந்தாள். எவாரிஸ்தோவும் வேகத்தைக் குறைத்தான்.

"ஓட்டுங்க," என்றாள் ஒத்திலியா, வெளியே பார்த்தபடி. "என் புருஷன்கிட்ட என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு அதுக்கப்புறம் எங்கயாவது போங்க."

ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.